பாகப்பிரிவினை வழக்கில் 'இறுதி' என்பது எது?

நீதிமன்றப் படியேறிய குடும்பங்களில் அடிக்கடி செவியில் விழும் சொல் ஒன்று உண்டு: "இது முதல்நிலைத் தீர்ப்புத்தானே? இறுதித் தீர்ப்பு வரட்டும்; பிறகு அப்பீல் போகலாம்." கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயின் இவ்வாறு காத்திருப்பவர் தம் வாதத்தையே இழக்க நேரிடும். 'இறுதி' என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் வேறு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கொள்ளும் பொருள் வேறு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை உயில் எழுதாது இறந்துவிட்டார். தாயும், ஆண்மக்கள் இருவரும், அவர்களுக்கு இளையவளாய் ஒரு மகளும் உள்ளனர். கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மூன்றில் ஒரு பங்கு தாய்க்கு. எஞ்சியது மக்கள் மூவருக்கும் சமமாக, அதாவது ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. பெண் என்பதற்காக ஓர் அங்குலமும் குறையாது. (பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த கன்னியாகுமரிப் பகுதியில் இதுபற்றி ஐயம் இருந்தது, 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிற்று.)

தங்கை பங்கு கேட்டு வழக்கிடுகிறாள். மூத்த அண்ணனோ, "வீடு என் சம்பாத்தியத்தில் எழுந்தது; அது பங்குக்கு வராது" என்கிறார். நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்து, வீடும் தந்தையின் சொத்தே என முடிவுசெய்து, அவரவர் பங்கு இன்னதென அறிவிக்கிறது. இதுவே முதல்நிலைத் தீர்ப்பாணை. நிலம் இன்னும் அளக்கப்படவில்லை, எல்லைக்கல் நடப்படவில்லை, ஆகவே வழக்கு முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சொத்து பங்குக்கு உரியது, யாருக்கு எவ்வளவு என்னும் கேள்விகள் அன்றே முடிந்துவிட்டன.

அண்ணன் மேல்முறையீடு செய்யாமல் காத்திருக்கிறார். ஆணையராக அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் நில அளவரோடு வந்து அளந்து அறிக்கை தருகிறார். இறுதித் தீர்ப்பாணை பிறக்கிறது. இப்போது மேல்முறையீட்டில் "வீடு என்னுடையது" என்று அவர் வாதிட முடியுமா? முடியாது. முதல்நிலைத் தீர்ப்பாணையை உரிய காலத்தில் எதிர்க்காதவர், இறுதித் தீர்ப்பாணையின் மேல்முறையீட்டில் அதன் சரி தவறு பற்றிப் பேசவே கூடாதென்று அச்சட்டத்தின் 97-ஆம் பிரிவு தடுக்கிறது. கிழக்குப் பக்கம் தமக்குக் கிடைத்திருக்க வேண்டும், கிணறு பொதுவாயிருக்க வேண்டும் என்பன போன்ற பிரிவினைக் குறைகளை மட்டுமே அவர் சொல்லலாம்.

காலக்கெடுவோ மிகக் குறுகியது. மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்வதானால் 30 நாள். உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பாணையின் தேதியிலிருந்து நாள் எண்ணப்படும். நகல் பெறுவதற்கு ஆகும் காலம் கழிக்கப்படும்; ஆயினும் நகல் மனுவைக் கெடுவுக்குள்ளேயே போட்டிருக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்க மனுச் செய்யலாம்; ஒவ்வொரு நாளும் ஏன் கடந்தது என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும். மேல்முறையீடு செய்ததாலேயே கீழ்நீதிமன்ற ஆணை நின்றுவிடாது என்பதும் கவனத்துக்குரியது. தடையாணையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

வெற்றிபெற்ற தங்கையின் நிலையும் எளிதன்று. முதல்நிலைத் தீர்ப்பாணையைப் பெட்டியில் பூட்டி வைத்தால் ஒரு பிடி மண்ணும் கைக்கு வராது. இறுதித் தீர்ப்பாணை கோரும் மனுவுக்குக் காலக்கெடு இல்லை என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பின் விசாரணை நீதிமன்றம் தானாகவே அடுத்த கட்டத்துக்குச் செல்ல வேண்டுமெனவும் 2022-இல் பணித்தது. நல்ல ஏற்பாடே; இன்னும் முன்னரே வந்திருக்கலாம். இடையில் தாய் இறந்துவிட்டால் பங்குகள் மாறும் அல்லவா? அப்போது இரண்டாவது முதல்நிலைத் தீர்ப்பாணையும் வழங்கப்படலாமென்று 1967-லேயே முடிவாகியுள்ளது. அதுவும் மேல்முறையீட்டுக்கு உரியதே. ஆனால் இறுதித் தீர்ப்பாணை வந்தபின், அதனை நிறைவேற்ற 12 ஆண்டுகளே உண்டு. முத்திரைத்தாள் வாங்கித் தரவில்லை என்பதால் இந்தக் கணக்கு நின்றுபோகாது.

வழக்கின் நடுவே பிறக்கும் சிற்றாணைகள் வேறு வகை. தற்காலிகத் தடையாணை, சொத்துப் பொறுப்பாளர் நியமனம் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே உடனடி மேல்முறையீடு உண்டு. ஆவணத்தை ஏற்க மறுத்தது, சாட்சியை மீண்டும் அழைக்க மறுத்தது போன்றவற்றுக்கு இல்லை. அவற்றால் தீர்ப்பு பிழைபட்டிருப்பின், தீர்ப்பாணையின் மேல்முறையீட்டில் அதனையும் ஒரு காரணமாக எழுப்பலாம்.

பெரியவர்களோ பங்குத்தந்தையோ பேசி இணக்கம் செய்துவைக்கும் குடும்பங்கள் ஒன்றை அறிந்திருத்தல் நலம். இருதரப்பும் சம்மதித்து நீதிமன்றத்தில் பெற்ற சமரசத் தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டாலும் அப்படியே. ஆதலால் கையெழுத்திடுமுன் சர்வே எண், அளவு, நடைபாதை, கிணற்று உரிமை ஆகியவற்றை வீட்டுப் பெண்களும் சேர்ந்து வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். நிலுவையிலுள்ள வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் தீர்ந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.