வெயிலுக்கும் அஞ்சும் லே விமான நிலையம்

புது தில்லி: பனிப்பொழிவால் விமானங்கள் ரத்தாவது இமயமலைப் பகுதிகளில் புதிதல்ல. ஆனால், 2024 ஜூலை இறுதியில் லடாக்கின் லே நகருக்கான விமானங்கள் வெயிலின் காரணமாக ரத்து செய்யப்பட்டன.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,700 அடி உயரத்தில் உள்ளது லே விமான நிலையம். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. இதனால் விமான என்ஜினின் உந்துவிசையும், இறக்கைகள் பெறும் தூக்குவிசையும் குறைகின்றன. வெப்பம் கூடினால் காற்று மேலும் மெலிகிறது. அப்போது பயணிகளையும் சரக்கையும் குறைத்தாக வேண்டும். வெப்பம் எல்லை மீறினால் விமானம் புறப்படவே இயலாது.

பிற்பகலில் பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசுவதால், பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்புகின்றன. காலைப் பொழுது தவறினால் அன்றைய பயணம் தவறியதாகவே பொருள்.

போர்க்காலத்தில் பிறந்த ஓடுதளம்

பாகிஸ்தான் ஆதரவு பெற்ற ஊடுருவல்காரர்கள் லேயை நெருங்கிய 1948-ஆம் ஆண்டில், பொறியாளர் சோனம் நோர்பு தலைமையில் இங்கு தாற்காலிக ஓடுதளம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டு மே 24-ஆம் தேதி, மேஜர் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு, விமானப்படை அதிகாரி மெஹர் சிங் டகோட்டா விமானத்தை இங்கு இறக்கினார். தொடர்ந்து வான்வழியே வந்த படையினர் லேயைக் காத்தனர்.

இன்றும் இது விமானப்படைத் தளமே; பயணிகள் முனையம் அதன் ஒரு பகுதியாக இயங்குகிறது. லடாக்கின் பௌத்த குருவும் மக்களவை முன்னாள் உறுப்பினருமான குஷோக் பாகுலா ரிம்போச்சேயின் பெயர் 2005-இல் இந்நிலையத்துக்குச் சூட்டப்பட்டது.

சாலை மூடினால்...

ஸ்ரீநகர் சாலையில் உள்ள ஜோஜி லா கணவாய் முன்பு ஏறத்தாழ ஆறு மாதங்கள் பனியால் மூடிக்கிடந்தது. அண்மை ஆண்டுகளில் அது சில வாரங்களாகக் குறைந்துள்ளது. 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோதிலும், மணாலி சாலையின் உயர்ந்த கணவாய்களைக் குளிர்காலப் பனி விட்டுவைப்பதில்லை.

சுற்றுலாப் பயணிக்கு விமானம் ரத்தானால் விடுமுறையில் ஒரு நாள் வீணாகும். உயர் சிகிச்சைக்காகத் தில்லிக்கோ சண்டீகருக்கோ செல்ல வேண்டிய லடாக் நோயாளிக்கு அந்த ஒரு நாள் உயிர்ப் பிரச்னையாகலாம்.

குளிர்காலப் பனியை எதிர்கொள்ளப் பழகிய லே விமான நிலையம், இனி கோடை வெயிலையும் கணக்கில் கொண்டாக வேண்டும்.