மர வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

"இது கட்டடமே இல்லைங்க. வேணும்னா தூக்கி வேற இடத்துல வெச்சுக்கலாம். பர்மிஷன் எல்லாம் தேவையில்லை." ஏற்காட்டுப் பக்கம் மர வீடு வாங்கிச் சிக்கலில் மாட்டியவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தப் பேச்சில்தான் வந்து நிற்கிறார்கள். விற்றவர் சொன்னார், நம்பினோம், அட்வான்ஸ் கொடுத்தோம் என்கிறார்கள். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் நாலு படமும் ஒரு ஜிபே ரசீதும் காட்டுகிறார்கள்.

கரடியூர் போன்ற மலைக்கிராமத்தில் காபித் தோட்டத்தை ஒட்டிக் கொஞ்சம் நிலம் இருந்தால், அதில் இரண்டு மரக்குடில் வைத்துச் சனி, ஞாயிறுகளில் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்ற ஆசை இயல்பானது. அப்பாவும் பிள்ளைகளுமாகப் பட்டறை போட்டு இந்தக் குடில்களைச் செய்யும் குடும்பங்களின் உழைப்பையும் நான் குறை சொல்லவில்லை. பர்மிஷன் வேண்டாம் என்ற அந்தப் பேச்சு மட்டும் பொய். பொய் என்று தெரியாமலேயே பலர் அதைச் சொல்கிறார்கள் என்பதால் அது உண்மையாகிவிடாது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 கட்டடம் என்று சொல்வதில் குடிசையும் கொட்டகையும் அடக்கம். அதைச் செங்கல்லால் கட்டினாலும் மரத்தால் கட்டினாலும் தகரத்தால் கட்டினாலும் ஒன்றுதான். அஸ்திவாரம் இல்லை, போல்ட் கழற்றினால் பிரிந்துவிடும் என்ற வாதம் அதிகாரி முன் எடுபடாது. அனுமதியில்லாமல் வைத்ததை அகற்றச் சொல்ல நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் 56ஆம் பிரிவும், வேலையை நிறுத்தச் சொல்ல 57ஆம் பிரிவும் இருக்கின்றன. இதற்கு மேல், மலைப்பகுதி என்பதால் 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் வரும். எல்லோரும் 'ஹாக்கா' என்று சொல்வது இதைத்தான்.

நடவடிக்கை எடுத்த முன்மாதிரிகளும் உண்டு. மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் 2018இல் சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வழித்தடத்தைக் காக்கும் அரசின் நடவடிக்கையை உறுதி செய்தது. வயநாட்டு மேப்பாடியில் 2021 ஜனவரியில், ரிசார்ட் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். கூடாரத்தைவிட நகர்த்த எளிதானது எது? அங்கேயும் அனுமதி இருந்ததா என்ற கேள்விதான் முதலில் வந்தது.

ஆகவே அட்வான்ஸுக்கு முன் காகிதம். முதலில் நிலம். பட்டா, சிட்டா, அ-பதிவேட்டுப் பகுதி, புல வரைபடம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை தளத்தில் கிடைக்கும். அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகை என்று பாருங்கள். நிபந்தனைப் பட்டாவாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள். தாலுகா அலுவலகத்தில் விவரம் கேட்காமல் நகராதீர்கள். குத்தகை நிலம் என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிய குத்தகை, வீட்டை வைத்த பிறகு உங்களைக் காப்பாற்றாது.

அடுத்து அனுமதி. ஊராட்சி அலுவலகம், சேலத்தில் உள்ள மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம் என்று இரண்டு வாசல். முதல் வாசலில் இரண்டாவதைக் காட்டுவார்கள், இரண்டாவதில் முதலாவதைக் காட்டுவார்கள். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் மக்கள் "வேண்டாம்" என்று சொல்கிறவனை நம்புகிறார்கள். மலையில் எந்த அளவுக் குடிலுக்கு எந்த விண்ணப்பம் என்று தமிழில் ஒரு பலகை எழுதி வைக்க இந்த அலுவலகங்களுக்கு என்ன தடை? வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். சர்வே எண், குடிலின் அளவு, வாடகைக்கு விடும் நோக்கம் மூன்றையும் எழுதி மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஹாக்கா பகுதி என்றால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காட்டு மலைப்பாதை சரிந்ததைப் பார்த்தவர்கள், சரிவான நிலத்தில் இந்தக் கருத்து எதற்கு என்று கேட்கமாட்டார்கள். "அந்த இடத்துக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கு" என்று யாராவது சொன்னால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும்.

உண்மையிலேயே நகருமா என்பதையும் கேளுங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது. பத்தடி அகல அறையே 3 மீட்டரைத் தாண்டுகிறது. ஆக, அது முழுசாக ஏறாது. பலகை பலகையாகத்தான் ஏறும், பலகை பலகையாகத்தான் இறங்கும். பிரித்து மாட்டும் செலவு யாருடையது, எத்தனை முறை பிரித்தால் இணைப்பு தாங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சக்கரம் வைத்தால் தப்பிக்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாலையில் இழுத்துப் போனால் அது ட்ரெய்லர், ஆர்.டி.ஓ. பதிவு வேண்டும்.

மரத்தின் கதை தனி. தோட்டத்துச் சில்வர் ஓக்கை வெட்டியே செய்து தருகிறோம் என்பார்கள். மலையில் நிற்கும் மரத்தைச் சொந்தப் பட்டா நிலத்திலும் நினைத்தபடி வெட்ட முடியாது. அதற்கு 1955லேயே மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. மரத்தைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவையா என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். மரம் வாங்கிய பில்லின் நகல் ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும். பட்டறையில் பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஈரம் காயாத பச்சை மரமாக இருந்தால், ஒரு கோடை தாண்டியதும் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விழும். அடுத்த மழையில் அந்த வழியாகத் தண்ணீர், அதன் பின்னால் கரையான்.

மின்சாரத்தில் விளையாடாதீர்கள். தோட்டத்து இலவச விவசாய இணைப்பிலிருந்து குடிலுக்கு ஒயர் இழுத்தால், மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவில் இரு மடங்குக் கட்டணம் கட்ட நேரும். மரச் சுவருக்குள் ஓடும் ஒயருக்கு, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. இல்லாமல் ஒரு நாளும் ஆளைத் தங்க வைக்காதீர்கள்.

பணம் போய்விட்டால் எங்கே போவது? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. விற்றவர் ஏற்காட்டில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். முதலில் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் பேச்சு இருக்கும் போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். கெடு இரண்டு ஆண்டு. "அடுத்த மாசம் தர்றேன்" என்பதை நம்பி இரண்டு ஆண்டைக் கடத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மறுபடியும் சொல்கிறேன், இரண்டு ஆண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வாடகைக்கு விட வாங்கிய குடில் வணிக நோக்கம் என்றும், நீங்கள் நுகர்வோரே இல்லை என்றும் எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவருக்குச் சட்டம் விலக்கு தருகிறது. அதைப் புகாரின் முதல் பக்கத்திலேயே எழுதி, வேறு வருமானம் இல்லை என்பதற்கான காகிதத்தையும் இணையுங்கள். அது பொருந்தாதவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே கெடு மூன்று ஆண்டு.

செய்து கொடுக்கும் குடும்பங்களும் ஏமாறுகின்றன. குடிலை வாங்கி வைத்துக்கொண்டு மீதிப் பணத்தை இழுத்தடிக்கும் ரிசார்ட்டுகள் உண்டு. ஆர்டர் எடுக்கும் முன்பே சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்திருந்தால், எழுத்தில் என்ன தவணை போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு, சிறுதொழில் வசதி மன்றத்துக்குப் போகலாம். பதிவுக்கு உதவ மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் இடைத்தரகரை விரட்டுங்கள். விளம்பரத்தில் "அனுமதி தேவையில்லை" என்று போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். நாளை வாங்கியவர் ஆணையத்தில் காட்டும் முதல் சான்று அதுவாகத்தான் இருக்கும்.