கள்ளச்சாராய மெத்தனாலைக் கண்டறிதலில் திரவ வண்ணப்பிரிகை

முன்னுரை

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களுள் 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கல்வராயன் மலைப்பகுதியில் வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சும் சாராயத்தின் முதன்மைப் பொருள் எத்தனால் ஆகும். உயிரைப் பறிக்கும் அளவிலான மெத்தனாலோ வெளியிலிருந்து சேர்க்கப்படும் தொழிற்சாலைக் கரைப்பான். குடிப்பவரால் இவ்விரண்டையும் நிறத்தாலோ சுவையாலோ வேறுபடுத்த இயலாது. ஆய்வகத்திலும் வழக்கமான திரவ வண்ணப்பிரிகை இதற்குப் போதாது. அதன் காரணத்தையும் மாற்று வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. முனைவுத்தன்மையும் பிரிகையும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசியத் தாவரவியலாளர் மிக்கைல் ட்சுவெட், கால்சியம் கார்பனேட் நிரப்பிய குழாயில் இலை நிறமிகளைப் பிரித்தார். முனைவுள்ள பரப்பில் தங்காத கரோட்டின் முதலில் இறங்கியது; பச்சையங்கள் பின்தங்கின. இன்று பெருவழக்கிலுள்ள தலைகீழ் நிலைமை முறையில் இவ்வரிசை மாறுகிறது. சிலிக்காத் துகள்கள்மீது 18 கார்பன் சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருப்பதால் முனைவற்ற சேர்மங்கள் தங்குகின்றன. முனைவுள்ளவை விரைந்து வெளியேறுகின்றன.

2. வழக்கமான முறையின் போதாமை

மெத்தனால், எத்தனால் ஆகிய இரண்டும் முனைவுள்ள சிறு மூலக்கூறுகள். எனவே இக்குழாயில் இரண்டும் சிறிதளவே தங்கி, நன்கு பிரியாமல் வெளியேறுகின்றன. மேலும், 205 நானோமீட்டருக்கு மேற்பட்ட புறஊதாக் கதிரை மெத்தனால் பெரிதும் உறிஞ்சுவதில்லை. ஆகவே புறஊதாக் கண்டறிவான் அதனைக் காண்பதில்லை. இப்பண்பு கருதியே அது நகரும் நிலைமையாகவும் பயன்படுகிறது. உடலில் மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகவும், பின் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. பார்வையைப் பறிப்பது இவ்வமிலமே. அதுவும் நகரும் நிலைமையில் வழக்கமாகச் சேர்க்கப்படும் பொருளாகும். ஆக, கருவியில் நாள்தோறும் ஊற்றப்படும் இரு பொருள்களே இங்குத் தேடப்படுபவை.

3. மாற்று முறை

அயனி விலக்கு வண்ணப்பிரிகையில் சல்ஃபோனேற்றப்பட்ட பாலிஸ்டைரீன் பிசின் நிலையான நிலைமையாகவும், நீர்த்த கந்தக அமிலம் நகரும் நிலைமையாகவும் அமைகின்றன. வலிமைமிக்க அமிலங்களின் எதிரயனிகளைப் பிசினின் எதிர்மின்சுமை விலக்குவதால் அவை முன்னரே வெளியேறுகின்றன. அமிலச் சூழலில் பெரிதும் அயனியுறாத ஃபார்மிக் அமிலம் (pKa 3.75) பிசினுள் புகுந்து தாமதமாகிறது. அதன்பின் மெத்தனாலும், இறுதியில் எத்தனாலும் வெளிவருகின்றன. ஒளிவிலகல் எண் கண்டறிவான் இம்மூன்றையும் பதிவு செய்யும். ஆயினும் அதன் உணர்திறன் குறைவு. குருதி மாதிரியில் முதலில் புரதங்களை நீக்கவேண்டும்; அதற்கு மெத்தனாலைப் பயன்படுத்தலாகாது.

முடிவுரை

மெத்தனாலை மட்டும் அளவிட, மாதிரியின் மேல்வெளி ஆவியை ஆராயும் வாயு வண்ணப்பிரிகையே முதன்மை முறை. எனினும் காலந்தாழ்ந்து மருத்துவமனைக்கு வருவோரின் குருதியில் மெத்தனால் குறைந்து ஃபார்மேட் மிகுந்திருக்கக்கூடும். அந்நிலையில் மெத்தனால் அளவை மட்டும் நோக்கினால் நஞ்சின் கடுமை குறைவாக மதிப்பிடப்படும். ஃபார்மேட்டையும் சேர்த்து அளவிடும் திரவ வண்ணப்பிரிகையின் பயன் இங்கேதான் புலப்படுகிறது.