பள்ளி மேலாண்மைக் குழு: பதவியா? அமானிதமா?



நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்கள் தமக்கு ஒரு பொறுப்பைத் தருமாறு நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். பொறுப்பு என்பது அமானிதம். அதன் கடமையை முறையாக நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்களுக்கு மறுமையில் அது இழிவாகவும் வேதனையாகவும் முடியும் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது.

அபூதர் (ரலி) அவர்களின் இறையச்சத்தில் எவருக்கும் ஐயமில்லை. அந்தப் பொறுப்பைத் தாங்கும் வலிமை இல்லை என்பதே நபியவர்கள் சொன்ன காரணம். மறுபுறம், எகிப்தின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு யூஸுஃப் (அலை) அவர்கள் தாமே கேட்டார்கள். பேணிக் காப்பவன், விவரம் அறிந்தவன் என்ற இரண்டு தகுதிகளை அவர்கள் முன்வைத்ததைக் குர்ஆன் (12:55) கூறுகிறது. ஆக, பொறுப்புக்கு வருபவருக்கு நல்ல மனமும் வேண்டும், வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் நம் மஹல்லாத் தாய்மார்கள் பலர் உறுப்பினர்களாகவும் தலைவிகளாகவும் இருக்கிறார்கள். ஆனால் கூட்டத்துக்குக் கணவரோ மைத்துனரோ போவதும், பதிவேடு வீடு தேடி வந்து கையொப்பம் மட்டும் வாங்கிச் செல்வதும் சில இடங்களில் நடக்கிறது. பெயர் ஒருவருடையது, பொறுப்பு யாருடையது என்றே தெரியாத நிலை. எனவே இக்குழுவைப் பற்றி நாம் விளக்கமாக அறிந்துகொள்வது அவசியம்.

குழுவில் யார் யார்?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவுதான் இக்குழுவுக்கு அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும். மீதி இடங்களில் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதி, கல்வியில் ஆர்வமுள்ளவர் ஆகியோர் வருவர்.

தமிழ்நாட்டில் 2022இல் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது உறுப்பினர் எண்ணிக்கை 20. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து அது 24 ஆனது. தலைவர் பதவி பெற்றோரில் ஒரு பெண்ணுக்குரியது. தலைமையாசிரியர் குழுவில் இருந்து கூட்டத்தைக் கூட்டுகிறார். ஆனால் தலைமை அவருடையதல்ல, ஒரு தாயுடையது. இதை நம் சகோதரிகள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது வேறு அமைப்பு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தலைவியின் பொறுப்பு

கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது, எல்லோரையும் பேச வைப்பது, எடுத்த தீர்மானம் பதிவேட்டில் சரியாக எழுதப்பட்டதா என்று பார்ப்பது, சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்று அடுத்த கூட்டத்தில் கேட்பது ஆகியவை தலைவியின் வேலைகள். குழுவுக்கு வரும் பணத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. ஆண்டுக் கணக்கில் தலைமையாசிரியரோடு குழுத் தலைமையும் கையொப்பமிட வேண்டும்.

கையொப்பம் என்பது சாட்சியம். பார்க்காததைப் பார்த்ததாகச் சாட்சி சொல்வதை மார்க்கம் அனுமதிக்குமா? எழுதப்படாத பக்கத்தில், வாசிக்காத ரசீதில் கையெழுத்துப் போடுவதும் அதைப் போன்றதே. எழுத்து வாசிக்கத் தெரியாத சகோதரியாக இருந்தால், படித்த மகளையோ நம்பிக்கையான மற்றோர் உறுப்பினரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையொப்பமிடலாம். அதைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது" என்ற கருத்தில் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்பதே நபியவர்களின் கேள்வி. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. பள்ளிக்கு வண்ணம் பூசும் ஒப்பந்தமோ மேசை நாற்காலி வாங்குவதோ வரும்போது, பொறுப்பில் உள்ளவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும்.

உறுப்பினர்களின் பொறுப்பு

பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது ஆகிய மூன்றும் சட்டம் சொல்லும் முக்கியக் கடமைகள். 2010ஆம் ஆண்டின் மத்திய விதிகள் இவற்றை மேலும் விரிக்கின்றன: ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, மதிய உணவு தரமாக உள்ளதா, சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து தொடர்ந்து வருகிறார்களா, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குத் தேவையானது கிடைக்கிறதா, எந்தப் பிள்ளையாவது துன்புறுத்தப்படுகிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும்.

வளர்ச்சித் திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு உரியது. வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவர், எத்தனை ஆசிரியர் கூடுதலாக வேண்டும், கட்டடம், கழிப்பறை, குடிநீர் போன்றவற்றுக்கு என்ன தேவை, எவ்வளவு செலவாகும் என்பன அதில் இடம்பெற வேண்டும். நிதியாண்டு முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன், அதாவது டிசம்பர் இறுதிக்குள் அது தயாராக வேண்டும். மார்ச்சில் கேட்பது காலம் கடந்து கேட்பதாகும். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று வீட்டில் புலம்புவதைவிட, அதைத் திட்டத்திலும் தீர்மானத்திலும் எழுத வைப்பதே பயன் தரும்.

இன்னொரு பணி நம் தாய்மார்களால்தான் சிறப்பாக முடியும். பெரிய மனுஷியானதும் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தப்படும் பெண் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆசிரியர் வந்தால் அந்த வீட்டில் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள். குழு உறுப்பினரான ஒரு சகோதரி சமையலறை வரை சென்று அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் மனம் விட்டுப் பேச முடியும். தடை பணமா, பயமா, போகும் வழியா என்று அறிந்து குழுவில் வைக்க முடியும். ஒரு பெண்ணின் படிப்பு அங்கே காப்பாற்றப்பட்டால், அந்தப் பொறுப்பின் பலன் முழுவதும் கிடைத்ததாகவே கொள்ளலாம்.

எல்லையும் உண்டு

கண்காணிப்பது வேறு, அதிகாரம் செலுத்துவது வேறு. வகுப்பறைக்குள் புகுந்து ஆசிரியரைப் பிள்ளைகள் முன் அதட்டுவது, தன் பிள்ளைக்குச் சலுகை கேட்பது, கட்சிப் பகையையும் ஜமாஅத் பிணக்கையும் பள்ளிக்குள் கொண்டு வருவது ஆகியவை பொறுப்பைக் கெடுத்துவிடும். குறை இருந்தால் கூட்டத்தில் கண்ணியமாகச் சொல்லித் தீர்மானமாக்க வேண்டும். கூட்டத்தில் கேட்ட ஒரு பிள்ளையின் குடும்ப ரகசியத்தைத் தெருவில் பரப்புவதும் அமானித மோசடியே.

நம் நிர்வாகத்தில் உள்ள பள்ளிகள்

2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழுவுக்கு ஆலோசனை கூறும் பணி மட்டுமே. 2014இல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நம் நிறுவனங்களின் உரிமையைக் காக்கும் தீர்ப்பு அது. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக ஷூராவிலிருந்தும் நமக்கு விலக்குக் கிடைத்துவிடுமா? கலந்தாலோசித்துச் செயல்படுவதை இறைநம்பிக்கையாளர்களின் பண்பாகக் குர்ஆன் (42:38) எடுத்துக்காட்டுகிறது. நம் பள்ளி நிர்வாகிகளும் தாய்மார்கள் இடம்பெறும் ஒரு பெற்றோர் குழுவைத் தாமாக முன்வந்து அமைத்து, கட்டணம், கணக்கு, குறைகள் பற்றி அவர்களிடம் பேசலாமே.

நாம் செய்ய வேண்டியது

மாதக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. அன்று ஒன்றரை மணி நேரம் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, மனைவியைக் கூட்டத்துக்கு அனுப்புவது கணவர்களின் கடமை. அவருக்குப் பதிலாகத் தாம் போய் உட்காருவது உதவி ஆகாது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குழு மாற்றி அமைக்கப்படும்போது, தகுதியும் ஆர்வமும் உள்ள சகோதரிகள் தயங்காமல் முன்வர இமாம்கள் ஜும்ஆவில் ஊக்கப்படுத்த வேண்டும்.

ஏற்றுக்கொண்ட பொறுப்பை அறிந்து, அஞ்சி, நேர்மையோடு நிறைவேற்றும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.