புயற்காலத்தில் புகலிடம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலோரச் சிற்றூர்களில் உள்ள உழவர் பெருமக்களின் கவலையெல்லாம் வயலில் நிற்கும் பயிரைப் பற்றியதே. அக்கவலை நியாயமானதே, எனினும் உயிர் தப்பினாலன்றோ மீண்டும் பயிரிட இயலும்? 1952-ஆம் ஆண்டிலும் 1977-ஆம் ஆண்டிலும் நவம்பர் மாதத்தில் நாகப்பட்டினக் கரையைப் புயல்கள் தாக்கின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை நாம் அனைவரும் அறிவோம்.

தங்குவதா, செல்வதா?

இக்கேள்விக்குக் காற்று வீசத் தொடங்கிய பின் விடை தேடலாகாது. கடலுக்கு அண்மையில் தாழ்ந்த நிலத்தில் இருக்கும் வீடு, கல்வீடாயினும் புகலிடமாகாது. கடல்நீர் உட்புகுமாயின் சுவரின் உறுதி பயன்படாது. கூரைவீடு, ஓட்டுவீடு, தகரக் கொட்டகை ஆகியவற்றில் வாழ்வோர் பகற்பொழுதிலேயே புயல் பாதுகாப்பு மையத்திற்கோ மேட்டிலுள்ள பள்ளிக் கட்டடத்திற்கோ சென்றுவிட வேண்டும். மேட்டு நிலத்தில் உறுதியான தளம் போட்ட வீடுடையோர் கதவு, சன்னல்களை அடைத்து, உள்ளறையில் தங்கலாம்.

ஏமாற்றும் அமைதி

புயலின் நடுப்பகுதியைக் 'கண்' என்பர். அது ஊரைக் கடக்கும்போது காற்று அடங்கும், மழையும் விட்டுவிடும். புயல் ஓய்ந்ததென்று எண்ணி வெளியே வருவது பேராபத்து. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து கடுங்காற்று மீண்டும் வீசும். அதிகாரிகள் அறிவிக்கும் வரை எவரும் வெளியேறலாகாது.

கால்நடைகள்

மாடுகளை விட்டுப் பிரிய மனமின்றிப் பலர் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். எச்சரிக்கை வந்தவுடன் அவற்றை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்ல வேண்டும். இயலாவிடில் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். கட்டிய மாடு வெள்ளத்திற்குத் தப்பாது.

ஊராட்சியின் கடமை

நள்ளிரவில், கைக்குழந்தைகளுடன் மக்கள் மழையில் நிற்க, பள்ளிக் கட்டடத்தின் சாவி எவரிடம் உள்ளதெனத் தேடி அலைந்த ஊரை நான் கண்டதுண்டு. ஆகவே மழைக்காலத்திற்கு முன்பே ஊராட்சி உறுப்பினர்கள் கூடி, எந்தெந்த வீட்டார் வெளியேற வேண்டும், முதியோரையும் கர்ப்பிணிகளையும் அழைத்து வருபவர் யார், சாவி எவரிடம், குடிநீரும் விளக்கும் எங்கே என்று பட்டியல் எழுதி, ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 என்ற தொலைபேசி எண்களையும் அதில் குறித்தல் நலம்.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை; ஒரு மாலைப் பொழுது போதும். இத்திங்களிலேயே அதனைச் செய்து முடிப்போமாக.