மனிதர் ஒன்றா, வேறா? – 9: தாம்பரத்தில் ஒரு மார்கழி

மானுடவியலாளர் மர்டாக்கின் பட்டியல் போன வாரத்தோடு முடிந்தது. சமையல், விருந்து, துக்கம், கேலி, சிகையலங்காரம் என்று எல்லா மக்களிடமும் காணப்படும் எழுபதுக்கும் மேற்பட்ட பொது அம்சங்கள். மீதியைப் பழைய இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் உறவுப் பெயர்கள் என்று அறிவிப்பு வந்திருந்தது. மாமாவும் மச்சானும் கொழுந்தியாளும் வாசலில் காத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களைத் தேடிப் போன வழியில் 1938ஆம் வருடம் குறுக்கே வந்து நின்றுவிட்டது, நகர மறுக்கிறது. இந்தத் தொடர் ஒன்பது வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியைச் சுமார் எழுபது நாட்டுக்காரர்கள் இரண்டரை வாரம் உட்கார்ந்து விவாதித்திருக்கிறார்கள். இடம்: தாம்பரம்.

கிழக்குத் தாம்பரத்தில் வேளச்சேரி சாலை வழியாகப் போகிறவர்களுக்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்களைப் பார்த்தால் ஏதோ ஆதிகாலத்துக் காடு என்றே தோன்றும். பாதி சரி. சேலையூர்ப் பக்கத்துப் புதர்க்காடு முன்பே இருந்தது. கல்லூரிதான் பின்னால் வந்தது. ஜார்ஜ் டவுனில் வளர்ந்து, தன் நூறாவது வயதில், 1937இல் இங்கே குடிபெயர்ந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கி அப்போது ஆறு வருடம்தான். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் செடிகொடிகள் மீது பெரும் பிரியம் கொண்டவர். வளாகத்தின் பசுமையில் அவர் கை உண்டு.

அந்தப் புது வளாகத்தில் 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு நடந்தது. மார்கழி பிறந்ததே கூட்டத்தின் நடுவில்தான். வந்தவர்கள் 471 பேர். அவர்களில் பாதிக்கு மேல் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள். இதன் எடை புரிய வேண்டுமானால் 1910இல் எடின்பரோவில் நடந்த மாநாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்காரர், இதே கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த வே. சா. அசரியா. வெள்ளைக்கார மிஷனரிகள் இந்தியர்களுக்குப் பொருள் தந்தார்கள், உழைப்புத் தந்தார்கள், உயிரையும் தந்தார்கள். ஒரே மேசையில் சமமாக உட்காரும் நட்பை மட்டும் தரவில்லை என்று அந்த அவையில் எழுந்து சொன்னார். சொன்னபோது வயது முப்பத்தைந்து. மனிதர் எல்லாம் ஒன்று என்று நாள் முழுக்கப் பிரசங்கம் செய்கிறவர்கள் முன்னால், அந்த ஒருமை சாப்பாட்டு மேசை வரைக்கும் வரவில்லையே என்று கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

சரி, தாம்பரம். உண்மையில் இந்த மாநாடு சீனத்தின் ஹாங்சோ நகரில் நடக்க வேண்டியது. 1937 ஜூலையில் ஜப்பான் படையெடுத்தது, இடம் மாறியது. சீனாவில் கூடியிருக்க வேண்டியவர்கள் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் வூ யி-ஃபாங் என்ற பெண்மணி. நான்கிங்கில் இருந்த ஜின்லிங் பெண்கள் கல்லூரியின் தலைவர். நான்கிங் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது 1937 டிசம்பர் 13. அந்த நாள்களில், அவர் கல்லூரி வளாகத்துக்குள்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் உயிருக்கும் மானத்துக்கும் பயந்து ஓடிவந்து தஞ்சம் புகுந்தார்கள். அமெரிக்க ஆசிரியை மின்னி வாட்ரின் வாசலில் நின்று சிப்பாய்களைத் தடுத்தார். வூ அதற்குள் மேற்கே போயிருந்தார். கல்லூரியும் பின்னர் செங்டுவுக்கு இடம்பெயர்ந்தது.

தேதிகளைப் பாருங்கள். 1937 டிசம்பர் 13. 1938 டிசம்பர் 12. நாள் கணக்கில் ஒரு வருடம் முடியவில்லை. அந்தப் பெண்மணி தாம்பரத்தில் ஓர் அவையில் உட்கார்ந்திருக்கிறார். அதே அவையில் ஜப்பானியரும் உட்கார்ந்திருக்கிறார்கள். (இதே வூ 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட நான்கு பெண்களில் ஒருவர்.)

ஜப்பானிலிருந்து வந்தவர்களில் தொயோஹிக்கோ ககாவாவும் உண்டு. கோபே நகரத்துச் சேரியில் 1909 முதல் ஏழைகளோடு ஏழையாகக் குடியிருந்தவர், கூட்டுறவு இயக்கங்களைக் கட்டியவர். தாம்பரத்து மாநாடு முடிந்ததும் 1939 ஜனவரியில் பர்தோலிக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். போர் பற்றி ஜப்பானியர் என்ன நினைக்கிறார்கள் என்று காந்தி கேட்டார். தன் நாட்டில் தன் கருத்து மதத்துரோகம் போலத்தான் என்றார் ககாவா. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். காந்தி முதலில் தயங்கினார்; ககாவா மறுபடி கேட்டதும் சொன்னார். அந்தக் கருத்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டு, சுட்டால் சுடட்டும் என்று நிற்பேன் என்றார். கட்டியெழுப்பிய கூட்டுறவுகளை ஒரு தட்டிலும் நாட்டின் மானத்தை மறு தட்டிலும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த வருடம், 1940இல், சீனத்திடம் மன்னிப்புக் கேட்டதற்காக ககாவாவை ஜப்பானிய அரசு கைது செய்தது.

ஒரு குஜராத்தியும் ஒரு ஜப்பானியரும், மொழிபெயர்ப்பில் எதையும் இழக்காமல், வெட்கம் என்றால் என்ன என்பதில் ஒத்துப்போன இடம் இது. மர்டாக்கின் பட்டியலில் நகைச்சுவை உண்டு, வானிலையை வசப்படுத்தும் சடங்குகூட உண்டு. தன் இனம் செய்த கொடுமைக்காகத் தான் தலைகுனிவது என்று ஒரு வரி அதில் இல்லை.

இனி மாநாட்டின் நடுவில் நடந்த சண்டைக்கு வரலாம். ஒரு பக்கம் ஹெண்ட்ரிக் கிரேமர், ஹாலந்துக்காரர். இந்தோனேசியாவில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர், பழைய ஜாவானியச் சுவடியை ஆராய்ந்து பட்டம் பெற்றவர், லெய்டன் பேராசிரியர். பிற பண்பாடுகளை அறியாத முரட்டுப் பிரசங்கி என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. இந்த மாநாட்டுக்கென்றே நானூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஒவ்வொரு சமயமும் பிரிக்க முடியாத ஒரு முழுமை. அதிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து எடுத்து இதோ எங்களிடமும் இது இருக்கிறது என்று ஒப்பிடுவது பிழை என்பது அவர் வாதம். நான்கு வருடம் முன்னால், 1934இல், மானுடவியலாளர் ரூத் பெனடிக்ட் பண்பாடுகளைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. பெனடிக்ட் அதிலிருந்து எல்லாப் பண்பாட்டையும் அதனதன் நியாயத்தில் பார்க்கலாம் என்ற முடிவுக்குப் போனார். கிரேமரோ, கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் பிற சமயங்களுக்கும் இடையே பாலம் கிடையாது என்ற முடிவுக்கு.

முடிவு கசந்தாலும் கிரேமரின் வாதத்தில் ஒரு பாதி நிஜம் இருக்கிறது. அதைத் தாம்பரம் ரயில் நிலையத்திலேயே கேட்கலாம். மழை நாளில் நடைமேம்பாலத்தின் படியில் ஒருவர் வழுக்கி விழுகிறார். பின்னால் காய்கறிப் பையோடு வரும் அம்மாள் வாயிலிருந்து முதலில் வருவது: "ஐயோ, பாவம்!" அவர் ஏதோ பாவம் செய்தார் என்று அவள் சொல்லவில்லை. இரக்கப்படுகிறாள். அவளே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்டுப் "பாவத்தை மன்னியும்" என்று சொல்பவளாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை கோயிலில் "செய்த பாவம் தீரணும்" என்று விளக்கேற்றுபவளாகவும் இருக்கலாம். பல்லாவரத்தில் தொழுகை முடித்துத் திரும்புகிறவரும் விழுந்தவரைப் பார்த்தால் இதே சொல்லைத்தான் சொல்வார். குற்றத்துக்கும் இரக்கத்துக்கும் தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொல் வேண்டும். விழுந்தவன் தன் பழைய கணக்கைத் தீர்க்கிறான் என்ற எண்ணம் ஒரு காலத்தில் அதில் இருந்திருக்கலாம். இன்று கணக்கு மறந்து கருணை மிஞ்சியிருக்கிறது. எதுவானாலும், பைபிளைத் தமிழாக்கியவர்கள் 'பாவம்' என்று எழுதியபோது, மூலத்தில் இல்லாத ஒரு பரிவும் அந்தச் சொல்லோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டது. ஒரே சொல் கிடைத்தால் ஒரே பொருள் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்களைக் கிரேமர் எச்சரித்தது சரியே.

எதிர்ப்பக்கம் நின்றவர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்துக்காரர், 1903இல் வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்து, அதன் முதல்வராகவும் ஆனவர். கர்மத்தையும் மீட்பையும் பற்றி 1909இல் புத்தகம் எழுதியவர். கர்மக் கொள்கையை அரைகுறை என்று அவர் தள்ளவில்லை. தனக்குள் முழுத் தர்க்கம் கொண்டது என்று ஒப்புக்கொண்டு அதோடு வாதாடினார். ஆகவே வேற்றுமை அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தாம்பரத்தில் அவர் ஒரு கோடு போட்டார்: சமயங்கள் வேறு, அவற்றுக்குள் நின்று ஒருவர் வைக்கும் பற்று வேறு. கொள்கைகள் முட்டிக்கொள்ளலாம். அந்தப் பற்று, அதில் கிடைக்கும் விடை, வெறும் மனிதத் தேடல் என்று வெளியிலிருந்து ஒருவர் தீர்ப்பெழுத முடியாது.

முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் இந்து மாணவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரால்தான் இதைச் சொல்ல முடியும். அந்த மாணவர்களில் ஒருவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற மிஷனரிகளின் குற்றச்சாட்டு அந்த இளைஞரைச் சுட்டது. 1908இல், இருபது வயதில், அதற்குப் பதிலாகவே தன் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார். அதைப் பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தவர் ஹாக். தன் தரப்பை மறுத்து எழுதிய மாணவனைப் பாராட்ட ஒரு ஆசிரியருக்கு எந்தக் கொள்கை அனுமதி கொடுத்தது? கிரேமரின் முழுமைக்குள் இதற்கு இடமில்லை. ஹாக்கின் கோட்டுக்குள் இருக்கிறது. இந்தத் தொடர் ஹாக்கின் பக்கமே நிற்கிறது.

உள்ளூரிலிருந்து வந்த பதிலும் வலுவானது. பின்னாளில் சென்னை மேயரான வி. சக்கரை செட்டியார், பி. செஞ்சையா முதலானோர் மாநாட்டை ஒட்டி அதே 1938இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இந்துக் குடும்பங்களில் பிறந்து கிறிஸ்தவரானவர்கள் இந்த இருவரும். இரண்டு உலகையும் ஒரே உடம்பில் சுமந்தவர்களிடம் போய், இரண்டுக்கும் நடுவே பாலமில்லை என்று எப்படிச் சொல்வது? 1988இல், ஐம்பதாம் ஆண்டில், அறிஞர்கள் மறுபடி தாம்பரத்தில் கூடி இதையே பேசினார்கள். அப்போதும் தீரவில்லை.

பக்கம் முடியப் போகிறது; இன்னும் ஒருவர் மீதி. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வந்த நாற்பது வயதுக்காரர், க்ரவுட்வில் ஊரின் ஸூலு மக்களுக்கு 1936 முதல் தலைவர், ஆல்பர்ட் லுத்துலி. 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பெற்றவர் இவரே. 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ கப்பலில் ஏறிய கூலித் தமிழர்கள் போய் இறங்கியது இவருடைய நேட்டால் மண்ணில், கரும்புத் தோட்டங்களில். லுத்துலியும் கரும்பு பயிரிட்டவர்.

உறவுப் பெயர்களுக்கும் அங்கிருந்தே வழி போகிறது. அந்தத் தோட்டங்களில் முறை சொல்லிக் கூப்பிடுவது எப்படி மாறியது என்பது அடுத்த வாரம். கூடவே லூயிஸ் ஹென்றி மார்கன் வருகிறார். நியூயார்க் மாநிலத்து வக்கீல், செனெகா பழங்குடியினரின் உறவுமுறையை எழுதி வைத்தவர். ஆற்காடு மிஷனின் ஸ்கடர் குடும்பத்தார் வழியாக, தமிழன் தன் அப்பாவின் தம்பியையும் அப்பா என்றே அழைக்கிறான், சித்தப்பா, சின்ன அப்பா என்று, எனத் தெரிந்ததும் அவர் அதைத் தன் செனெகாக் குறிப்புகளோடு வைத்து ஒப்பிட்டார்.