கருவுற்ற தாயும் கைப்பேசியும்

ஊராட்சியின் கடமைகள் யாவை என்று கேட்டால் சாலை, குடிநீர், தெருவிளக்கு என விரைந்து கூறிவிடுவோம். கருவுற்ற தாயின் உயிரைக் காப்பதும் அவற்றிற்குக் குறைந்த கடமையன்று. அப்பணியில் கைப்பேசி எவ்வளவு உதவும், எங்கே நம் முயற்சி வேண்டும் என்பதை ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நோயின் தன்மை

கருவுற்று 20 வாரங்கள் கடந்தபின் சில தாய்மார்க்கு இரத்த அழுத்தம் 140/90 அளவையோ அதற்கு மேலோ எட்டிவிடும். சிறுநீரில் புரதம் வெளிப்படும்; இதனையே நம் மக்கள் ‘உப்பு’ என்பர். தொடக்கத்தில் இந்நோய் துன்பம் தருவதில்லை. பின்னர்க் கடுந்தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் வீங்குதல் ஆகியவை தோன்றலாம். “பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் இயல்புதானே” என்று வீட்டார் வாளாவிருந்தால் நோய் முற்றி வலிப்பு உண்டாகும். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரும்.

அண்டை மாநிலத்தில் நடந்த ஆய்வு

கருநாடகத்தின் பெலகாவி, பாகல்கோட்டை மாவட்டங்களிலும், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டிலும் 2014-ஆம் ஆண்டு தொடங்கிப் பெரியதோர் ஆய்வு நடைபெற்றது. தேர்ந்தெடுத்த 44 பகுதிகளுள் 22-இல் புதிய முறை கையாளப்பட்டது. ஏனையவற்றில் வழக்கமான பணியே தொடர்ந்தது. புதிய முறையில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தனர், சிறுநீரைச் சோதித்தனர், அறிகுறிகளைக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்தனர். கைப்பேசிச் செயலி அவ்விவரங்களைக் கொண்டு ஆபத்தின் அளவைக் கணித்தது. அதற்கேற்ப மாத்திரை கொடுத்தல், வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுதல், மருத்துவமனைக்கு அனுப்புதல் ஆகியவற்றுள் எது வேண்டும் என்பதையும் காட்டியது.

முடிவுகள் 2020-இல் வெளியாயின. மொத்தத்தில் இருவகைப் பகுதிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், பணியாளர்கள் 8 முறையோ அதற்கு மேலோ சந்தித்த தாய்மாரிடையே தீங்கு குறைந்திருந்தது. வயலைச் சுற்றி வருபவன் கண்ணிலேதான் பூச்சி விழுந்த பயிர் முதலில் படும். கைப்பேசியும் அத்தகையதே. அதனை ஏந்தியவர் அடிக்கடி வந்தால்தான் பயன் உண்டு.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. கருவுற்ற ஒவ்வொருவரும் முதல் மூன்று மாதங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுமாறு தூண்டுதல் வேண்டும். ஊரின் கடைக்கோடிக் குடியிருப்புகளும், செங்கற் சூளைகளில் தங்கி உழைப்போரும் விடுபடலாகாது.

2. தலைப்பேற்றுக்குப் பெண்கள் தாய்வீடு செல்வது நம் வழக்கம். நோய் மிகுதியாகத் தோன்றும் கடைசி மாதங்களில்தான் இம்மாற்றம் நிகழ்கின்றது. ஆதலின் இரண்டு ஊர்ச் செவிலியர்க்கும் உடனே செய்தி தெரிவித்தல் வேண்டும்.

3. இரத்த அழுத்தக் கருவி பழுதின்றி உள்ளதா, சோதனைத் தாள்கள் இருப்பில் உள்ளனவா என்று கிராம சபையில் கேட்டறிதல் வேண்டும்.

4. 108 ஊர்தி வரத்தக்க பாதையைச் செப்பனிட்டு வைத்தலும், அது வரத் தாமதமாகும் இரவுகளுக்கு மாற்று வாகனத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்தலும் அவசியமாகும்.

கருவி ஆபத்தை அறிவிக்கும். செவிலியரை வாயிற்படிக்கு அழைத்து வருவதும், தாயைக் காலத்தே மருத்துவமனை சேர்ப்பதும் ஊராரின் பொறுப்பாகும். அடுத்த மன்றக் கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.